எலியின் ரத்தக் கொழுப்பும் பெருங்குடல் கட்டியும்: எது முந்தி, எது பிந்தி?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ரசாயனம் கொடுத்துப் பெருங்குடல் புற்றுநோய் வரவழைத்த எலிகளின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஏறியிருந்ததாக ஓர் ஆய்வில் படித்தேன். என் அப்பாவுக்கு ட்ரைகிளிசரைடு 280. அவருக்கும் குடல் புற்றுநோய் வருமா? கொழுப்பு மாத்திரை போட்டால் தடுக்குமா?"

முதலில் உங்கள் கவலைக்கு நேரான பதில். 280 என்ற எண் உங்கள் அப்பாவின் சர்க்கரை, கல்லீரல், இதயம் பற்றி நிறையச் சொல்லும். பெருங்குடலைப் பற்றி அனேகமாக ஒன்றும் சொல்லாது. அதற்காக எலி ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. அந்த ஆய்வுகளை எப்படிப் படிப்பது என்பதுதான் விஷயம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ரசாயனங்கள் எங்கிருந்து வந்தன என்பதே ஒரு கதை. பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு மக்களிடம் ஒரு விசித்திரமான நரம்பு நோய் அதிகமாக இருந்தது. அவர்கள் உண்ணும் சைக்கஸ் மரத்துக் கொட்டை மாவின் மேல் சந்தேகம் விழுந்தது. நம் பக்கம் மலபாரில் ஈந்து என்று சொல்லி, ஊறவைத்துக் கழுவி மாவாக்கிச் சாப்பிடுகிறார்களே, அதே இனத்து மரம்தான். அந்த மாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நரம்பு நோய் வரவில்லை. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் குடலிலும் கட்டி வந்தது. அமெரிக்காவில் லாக்கர் என்ற நோய்க்கூறியலாளரின் குழு இதை 1963இல் வெளியிட்டது. கொட்டையில் இருந்த நச்சுப் பொருளின் பெயர் சைக்காசின். அடுத்து நடந்த சோதனை அதைவிட அழகானது. குடலில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அதே சைக்காசினைக் கொடுத்தார்கள். அவற்றுக்குக் கட்டி வரவில்லை. சைக்காசினில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துண்டைக் குடல் பாக்டீரியா வெட்டி எடுத்தால்தான் விஷம் வெளிப்படுகிறது.

பாக்டீரியாவின் தயவு இல்லாமலேயே அதே விஷத்தைத் தரக்கூடிய உறவுக்காரப் பொருள்கள்தான் பிறகு ஆய்வகங்களில் நிலைத்துவிட்டன. ஒன்று 1,2-டைமெத்தில் ஹைட்ரசீன், சுருக்கமாக டிஎம்ஹெச். இன்னொன்று அசாக்ஸிமீத்தேன், அதாவது ஏஓஎம். டிஎம்ஹெச் உடலுக்குள் போய் ஏஓஎம் ஆகிறது. ஏஓஎம் மேலும் மாறி, சைக்காசினிலிருந்து பிறக்கும் அதே மூலக்கூறாகிறது. (மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் விகாஸ் ராக்கெட் இன்ஜினின் எரிபொருளிலும் டைமெத்தில் ஹைட்ரசீன் இருக்கிறது என்று யாராவது பயமுறுத்தினால், அது 1,1 வகை என்று சொல்லுங்கள். அதுவும் நச்சுதான். ஆனால் எலிக்குப் பெருங்குடல் கட்டி வரவழைக்கும் ஆய்வகப் பொருள் அதுவல்ல.)

கடைசியில் வெளிப்படும் துண்டு, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் மீது மெத்தில் குழு என்ற சிறு வேதித்துண்டை ஒட்டிவிடுகிறது. அப்படி ஒட்டிய குவானின், செல் பிரியும்போது தவறான ஜோடியைப் பிடிக்கிறது. கே-ராஸ், பீட்டா-கட்டெனின் போன்ற மரபணுக்களில் பிழை விழுகிறது. மனிதனின் பெருங்குடல் புற்றுநோயிலும் ஏறக்குறைய இதே சமிக்ஞைப் பாதைகள்தான் கெடுகின்றன. இந்த எலி மாதிரிக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

இந்த வேதி மாற்றத்தின் பெரும்பகுதி கல்லீரலில் நடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

நீங்கள் படித்தது போன்ற ஆய்வுகள் தமிழ்நாட்டிலேயே நிறைய நடந்திருக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை வெந்தயம், மிளகாய், மஞ்சள் வழிப் பொருள்கள் என்று பலவற்றை டிஎம்ஹெச் எலிகளில் சோதித்திருக்கிறது. முறை அனேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். விஸ்டார் என்ற ஆய்வக இனத்து ஆண் எலி; எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் டிஎம்ஹெச்; வாரம் ஒரு முறை தொடை இடுக்கில் தோலுக்கடியில் ஊசி; 15 வாரம். பிறகு சுமார் 30 வாரம் ஆகும்வரை காத்திருந்து எலியை அறுத்துப் பார்ப்பார்கள். கட்டிகளை எண்ணுவார்கள், சீரத்தில் (ரத்தத்தின் செல்கள் நீங்கிய நீர்ப்பகுதி) கொழுப்பு வகைகளை அளப்பார்கள். டிஎம்ஹெச் கொடுத்த எலிகளில் கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு ஏறியும் 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்டிஎல் இறங்கியும் இருப்பதாக அட்டவணை வரும். மூலிகையோ மசாலாவோ கொடுத்த குழுவில் கொழுப்பு சீராகி, கட்டியும் குறைந்திருக்கும். முடிவுரையில், கொழுப்பைச் சீராக்கியதால் புற்றுநோய் குறைந்தது என்கிற தொனியில் ஒரு வரி இருக்கும்.

எனக்குச் சிக்கல் அந்தக் கடைசி வரியோடுதான்.

30ஆவது வாரத்தில் ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்தால் எது முந்தி, எது பிந்தி என்று தெரியாது. அந்த அட்டவணைக்கு மூன்று விளக்கம் இருக்கலாம். ரசாயனமே கொழுப்பைக் கெடுத்திருக்கலாம், கட்டி கெடுத்திருக்கலாம், அல்லது கெட்ட கொழுப்பு கட்டியை வளர்த்திருக்கலாம். மூன்றிலும் அட்டவணை ஒன்றேபோல்தான் இருக்கும்.

முதல் சாத்தியம் மிக எளிது. டிஎம்ஹெச்சும் ஏஓஎம்மும் பெருங்குடலை மட்டும் தேடிப் போவதில்லை. அவை மாறுவதே கல்லீரலில்தான்; அளவு கூடினால் கல்லீரல் செல்கள் செத்துப்போகும். ரத்தத்தில் ஓடும் கொழுப்புத் துகள்களைக் கட்டுவதும், திரும்ப வாங்கிக்கொள்வதும், கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுவதும் கல்லீரலின் வேலை. கல்லீரலை 15 வாரம் குத்திவிட்டு, கொழுப்புக் கணக்கு மாறியிருக்கிறது என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மூலிகை கல்லீரலைக் காப்பாற்றினாலே கொழுப்பும் சீராகும். அந்த ரசாயனம் குறைவாகவே விஷமாக மாறியிருந்தால் கட்டியும் குறையும். கொழுப்புக்கும் கட்டிக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும்.

இரண்டாவதற்கு நல்ல சான்று ஜப்பானிலிருந்து வந்தது. டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தில் ஏபிசி மரபணு பழுதான சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். இவற்றுக்கு ரசாயனமே தேவையில்லை; குடல் முழுக்கத் தானாகவே பாலிப் (உள்சுவரில் வளரும் சிறு சதைமுளை) முளைக்கும். வயது ஏற ஏற இவற்றின் ட்ரைகிளிசரைடு பல மடங்கு எகிறியது. காரணம், ரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைடை உடைக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி அடங்கிப்போயிருந்தது. கட்டி இருக்கும் உடலில் அழற்சிச் சமிக்ஞைகள் இந்த நொதியை அமுக்குவது பழைய செய்தி. அதோடு நின்றிருந்தால், கட்டி முந்தி, கொழுப்பு பிந்தி என்று கதை முடிந்திருக்கும். அவர்கள் விடவில்லை. பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்தையும் பெசாஃபைபிரேட் என்ற கொழுப்பு மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். ட்ரைகிளிசரைடும் இறங்கியது, பாலிப் எண்ணிக்கையும் இறங்கியது. அது 2003. இந்த மருந்துகள் செல்லுக்குள் வேறு பல வேலைகளும் செய்பவை என்ற ஆட்சேபம் உடனே வரும். 2005இல், அந்த நொதியைக் கூட்டுவதற்கென்றே உருவாக்கிய என்ஓ-1886 என்ற பொருளைக் கொடுத்தார்கள். அப்போதும் இரண்டும் சேர்ந்தே இறங்கின. ட்ரைகிளிசரைடுக்கும் இதில் ஒரு கை இருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து வலுவான சான்றுகளில் இது ஒன்று. ஆனாலும் அந்தப் பொருள் குடலில் காக்ஸ்-2 என்ற அழற்சி நொதியையும் குறைத்தது. முழுப் பொறுப்பையும் ட்ரைகிளிசரைடின் தலையில் போட முடியாது.

மூன்றாவது சாத்தியத்தைச் சோதிக்க ஒரே நேர்மையான வழிதான்: கொழுப்பு ஏற்கெனவே கெட்டிருக்கும் எலிக்குப் பிறகு ரசாயனம் கொடுப்பது. ஜுக்கர் எலி என்று ஒரு வகை உண்டு. 1961இல் அமெரிக்காவில் ஜுக்கர் தம்பதி விவரித்தது. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனை வாங்கும் ஏற்பியில் பிறவிக் கோளாறு, பசி அடங்காது, பந்து போலக் கொழுக்கும். இதன் ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் தெளிவாக இருக்காது, நீர்த்த பால் மாதிரி வெண்மையாக நிற்கும். இந்த எலிக்கு ஏஓஎம் கொடுத்தால், ஒல்லியான உடன்பிறப்பைவிட அதிகப் பாதிப்பு வருகிறது. டிபி/டிபி, கேகே-ஏஒய் என்ற பருத்த சுண்டெலி வகைகளிலும் அதே கதைதான்.

பாதிப்பை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல ஆய்வுகள் எண்ணுவது புற்றுநோயையே அல்ல. பெருங்குடலை நீளவாக்கில் வெட்டித் திறந்து, கழுவி, வடிதாள்களுக்கு நடுவே தட்டையாக வைத்து ஃபார்மலினில் இறுக்குவார்கள். பிறகு மெத்திலீன் நீலத்தில் சில நிமிடம் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் குடல் சுவரின் குழிகள் வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்களாகத் தெரியும். நடுவே சில குழிகள் மட்டும் பெருத்து, கருநீலமாக, வாய் வட்டமாக இல்லாமல் கீறல் போல நீண்டு, பக்கத்துக் குழிகளை விட்டு விலகி மேடாக நிற்கும். பிறழ்ந்த குழித் திரள் என்று இவற்றைச் சொல்லலாம். 1987இல் ரஞ்சனா பேர்ட் கனடாவில் கண்டு சொன்னது. கட்டி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், சில வாரங்களிலேயே எண்ணிவிடலாம் என்பதால் உலகமே இதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இந்தத் திரள்களில் பெரும்பாலானவை கட்டியாக வளர்வதில்லை. "புற்றுநோய் 50 சதவீதம் குறைந்தது" என்ற தலைப்புக்குள் போய்ப் பார்த்தால் சில நேரம் குறைந்தது இந்தத் திரள்களின் எண்ணிக்கை மட்டுமாக இருக்கும்.

அதே ரஞ்சனா பேர்டின் குழு பின்னாளில் ஜுக்கர் எலிக்குத் தீனியைக் குறைத்துப் பார்த்தது. முற்றிய திரள்கள் குறைந்தன. இங்கேதான் இன்சுலின் நடுவில் வந்து நிற்கிறது. ஜுக்கர் எலிக்கு ட்ரைகிளிசரைடு மட்டுமா அதிகம்? இன்சுலினும் அதிகம், லெப்டினும் அதிகம், அழற்சியும் அதிகம். டொரண்டோவில் மெக்கியோன்-ஐசன் 1994இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: பெருங்குடல் புற்றுநோயைக் கூட்டும் வாழ்க்கைமுறைக் காரணங்களும் ட்ரைகிளிசரைடையும் சர்க்கரையையும் கூட்டும் காரணங்களும் பெரும்பாலும் ஒன்றே. அதே ஊரில் ப்ரூஸ் குழுவினர் ஏஓஎம் கொடுத்த சாதாரண எலிகளுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள், கட்டி கூடியது. இன்சுலின் செல்லை வளரச் சொல்லும் ஹார்மோன். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையில் கல்லீரல் ட்ரைகிளிசரைடைக் கொட்டும். அப்படிப் பார்த்தால் உயர்ந்த ட்ரைகிளிசரைடு என்பது உள்ளே இன்சுலின் எகிறியிருப்பதற்கான அடையாளச் சீட்டு. குற்றவாளி அதுவேயாக இருக்க வேண்டியதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கொலஸ்டிரமின் என்பது பழைய கொலஸ்ட்ரால் மருந்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகும். இழந்த பித்த அமிலத்தை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துச் செலவழிக்கும்; ரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கும். உயர்ந்த கொலஸ்ட்ராலே கட்டியை வளர்க்கிறது என்றால் இந்த மருந்து கொடுத்த எலிக்குக் கட்டி குறைய வேண்டும் அல்லவா? டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ 1973இல் ஏஓஎம் எலிகளில் செய்து பார்த்தார். கட்டி கூடியது. (ஆசனவாய்ப் புற்றுநோய்க்கு அறுவை இல்லாமலே கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் குணமாக்கலாம் என்று அடுத்த ஆண்டே காட்டியவரும் இதே நைக்ரோதான்.) காரணம் எளிது. சிறுகுடலின் கடைசியில் திரும்ப உறிஞ்சப்பட வேண்டிய பித்த அமிலம் முழுக்கப் பெருங்குடலுக்குள் போய் விழுகிறது. அங்கே பாக்டீரியா அதை டீஆக்ஸிகோலிக், லித்தோகோலிக் அமிலங்களாக மாற்றும். இவை குடல் உள்தோலை அரித்து, செல்களை வேகமாகப் பெருகச் செய்பவை. ரத்தம் சுத்தமானது, பெருங்குடல் பாழானது. மனிதர்களுக்கு இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: சுமார் 3,800 ஆண்களிடம் நடந்து 1984இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் கொலஸ்டிரமின் எடுத்தவர்களுக்கும் போலி மருந்து எடுத்தவர்களுக்கும் பெருங்குடல் புற்றுநோயில் வித்தியாசம் இல்லை.

இதற்கு இணையாக நிற்பது பண்டாரு ரெட்டியின் எண்ணெய்ச் சோதனை. நியூயார்க் மாநிலத்தில் அமெரிக்கன் ஹெல்த் ஃபவுண்டேஷனில் வேலை செய்தவர். இந்தத் துறையில் அவர் பெயர் இல்லாத பக்கம் குறைவு. 1984இல் வந்த ஆய்வில், ஏஓஎம் எலிகளுக்குத் தீனியில் எண்ணெயை நான்கைந்து மடங்கு கூட்டினார். மக்காச்சோள எண்ணெயும் குசும்பா எண்ணெயும் கட்டியைக் கூட்டின. தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் கூட்டவில்லை. மனித ரத்தத்தில் கொலஸ்ட்ராலை இறக்குவது மக்காச்சோள எண்ணெய். ஏற்றுவது தேங்காய் எண்ணெய். எலியின் பெருங்குடலில் தரவரிசை தலைகீழ்! தேங்காய் எண்ணெய் புற்றுநோயைத் தடுக்கும் என்று இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். தடுத்தது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ரத்தத்தில் அளக்கும் எண்ணும் பெருங்குடல் அனுபவிக்கும் சூழலும் வேறு வேறு என்பதற்காகச் சொல்கிறேன்.

உணவுக் கொலஸ்ட்ரால் பற்றியும் ஒரு வார்த்தை. தீனியில் கொலஸ்ட்ரால் சேர்த்தால் டிஎம்ஹெச் எலிக்குக் கட்டி கூடுகிறது என்று 1978இல் ஓர் ஆய்வு. பிறழ்ந்த குழித் திரள் குறைகிறது என்று 1996இல் இன்னொன்று. இரண்டும் நல்ல குழுக்கள். இதற்கு மேல் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

எலி அட்டவணையை மனிதருக்குப் பொருத்துவதில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. எலிக்கு சிஇடிபி என்ற புரதம் இல்லை. கொலஸ்ட்ராலை ஹெச்டிஎல்லிலிருந்து மற்றத் துகள்களுக்கு மாற்றுவது அதுதான். அதனால் சாதாரண எலியின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி ஹெச்டிஎல்லிலேயே இருக்கும், 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் சொற்பம். எலிக்குப் பித்தப்பையும் கிடையாது, பித்தம் சொட்டிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் தெரிந்தும், மனிதர்களின் ரத்தத்தை வைத்து 1972இல் உருவாக்கிய ஃப்ரீடுவால்ட் சூத்திரத்தில் எலியின் எண்களைப் போட்டு எல்டிஎல் கணக்கிட்டு அச்சேற்றிய கட்டுரைகள் ஏராளம். அந்த எல்டிஎல் வரியை நான் படிப்பதே இல்லை. ட்ரைகிளிசரைடிலும் கவனம் தேவை. எலி ராத்திரியில் தின்னும் பிராணி. காலையில் வந்து ரத்தம் எடுத்தால் விருந்து முடிந்த வயிறு அது. இரவில் தீனியை எடுத்துவிட்டார்களா என்று செய்முறைப் பகுதியில் பாருங்கள்.

மனிதர்களுக்கு வருவோம். 1974இல் ரோஸ், பிளாக்பர்ன், கீஸ் முதலானோர் நெடுங்கால ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் பெருங்குடல் புற்றுநோயும் ஒரே பணக்கார நாடுகளில் அதிகம் என்பதால், பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களுக்கும் முன்பே கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்தது நேர்மாறு: எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கொலஸ்ட்ரால் இறங்கினால் புற்றுநோய் வரும் என்று கொஞ்ச காலம் கலவரம். 1990இல் வினவர் குழு ஒரே ஆட்களின் பழைய அளவுகளை ஆண்டுவாரியாகத் தேடி எடுத்தது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய பத்தாண்டில் அவர்களின் கொலஸ்ட்ரால் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. அதாவது தாழ்ந்த கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியாவது, வெளியே தெரியாத கட்டியின் விளைவு. எலியில் கேட்ட அதே கேள்விதான் இங்கும். பதிலும் ஒரே தடவை எடுத்த ரத்தத்தில் கிடைக்கவில்லை.

ட்ரைகிளிசரைடு கூடியவர்களிடம் பாலிப்பும் புற்றுநோயும் கொஞ்சம் கூடுதல் என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. கொஞ்சம்தான். அதில் தொப்பைக்கும் இன்சுலினுக்கும் உரிய பங்கைக் கழித்தால் மிஞ்சுவது இன்னும் குறையும். பிறவியிலேயே கொலஸ்ட்ராலை ஏற்றும் மரபணு வகைகளை வைத்து 2017இல் வந்த ஆய்வு, உயர்ந்த கொலஸ்ட்ராலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று காட்டியது. ஆகவே கதவை முழுசாகச் சாத்திவிடவும் நான் தயாரில்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை? எலியில் நன்றாகவே வேலை செய்தது. அதற்கான விளக்கமும் பொருத்தமானது: கொலஸ்ட்ரால் தயாராகும் அதே பாதையில் கிளை பிரிந்து வரும் சில மூலக்கூறுகள்தான், முன்பு சொன்ன கே-ராஸ் போன்ற மரபணுக்கள் உருவாக்கும் ராஸ் புரதத்தைச் செல் சவ்வில் ஒட்டவைக்கின்றன. ஸ்டாட்டின் அந்தப் பாதையை ஆரம்பத்திலேயே அடைக்கிறது. 2005இல் இஸ்ரேலில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு, ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கிட்டத்தட்டப் பாதி என்று சொன்னதும் பெரிய பரபரப்பு. ஆனால் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய பெரிய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தவறாமல் போடுகிறவர் பொதுவாகவே உடம்பைக் கவனிக்கிறவர், பரிசோதனைக்கும் போகிறவர். முன்னைய ஆய்வின் பளபளப்பில் ஒரு பகுதி அதுதான் என்பது என் கணிப்பு.

உங்கள் அப்பாவுக்குச் செய்ய வேண்டியவை இரண்டு தனித்தனி வேலைகள். ட்ரைகிளிசரைடுக்கு: வெறும் வயிற்றில் திரும்ப ஒரு முறை எடுங்கள். கூடவே ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), தைராய்டு, கல்லீரல் நொதிகள் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு, குடிப்பழக்கம், மூன்று வேளையும் சோறா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதயத்துக்காக ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தால் இதயத்துக்காகப் போடட்டும். குடலுக்காக என்று தானாக ஆரம்பிக்கவோ, எலி ஆய்வைப் படித்துவிட்டு நிறுத்தவோ வேண்டாம்.

பெருங்குடலுக்கு: பெற்றோர், உடன்பிறந்தார் யாருக்காவது அந்த நோய் இருந்ததா, மலத்தில் ரத்தம் போகிறதா, மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருக்கிறதா, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை உண்டா என்று பாருங்கள். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் ட்ரைகிளிசரைடு 80ஆக இருந்தாலும் குடல்நோய் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் அறிகுறி இல்லாதவர்களுக்கே 45 வயதிலிருந்து பரிசோதனை என்று 2021இல் வயதைக் குறைத்தார்கள். இந்தியாவில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்குத்தான். பெருங்குடலுக்கு நாமேதான் கேட்டு வாங்க வேண்டும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் எஃப்ஐடி பரிசோதனையில் தொடங்கலாம். அதில் ரத்தம் தெரிந்தால் கொலனோஸ்கோபி, அதாவது குழாய் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது.

பழைய லேப் ரிப்போர்ட்டுகள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக அடுக்கி மருத்துவரிடம் கொண்டு போங்கள். மாத்திரையும் பத்தியமும் இல்லாமலே கொலஸ்ட்ரால் வருஷா வருஷம் இறங்கிவந்து, எடையும் ஹீமோகுளோபினும் சேர்ந்து இறங்கியிருந்தால், அவர் அதை ஏறிய 280ஐவிடக் கவனமாகப் பார்ப்பார்.